பிலிப்பைன்ஸ் குயர் குறும்படங்களைக் காது கொடுத்துப் பார்ப்பது எப்படி

பிலிப்பைன்ஸில் எடுக்கப்படும் குயர் குறும்படங்களை, அதாவது தன்பாலீர்ப்பாளர்கள், திருநர்கள் போன்றோரின் கதைகளைச் சொல்லும் படங்களை, புதிதாகப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தடுமாறுகிறார்கள். பையன் எப்போது வீட்டில் உண்மையைச் சொல்வான், அப்பா எப்போது வெடிப்பார் என்று காத்துக்கொண்டே இருக்கிறார்கள். பல படங்களில் அந்தக் காட்சி வரவே வராது. வீட்டுக்கு முன்பே தெரியும், தெருவுக்கே தெரியும். தெரிந்த பிறகு அந்தப் பிள்ளையை எந்த நிபந்தனையின் பேரில் வைத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் அங்கே கதை. 15 நிமிடப் படத்தில் இதையெல்லாம் வசனமாகச் சொல்ல நேரம் கிடையாது, அது ஒரு கூப்பிடும் சொல்லிலோ யார் சம்பளத்தில் சோறு வேகிறது என்பதிலோ இருக்கும். அதைப் பிடிக்க நான் பழகிக்கொண்ட வழிகள்தான் இவை.

முதலில் 'பக்லா' என்ற சொல். இதை 'கே' (ஆணை விரும்பும் ஆண்) என்று மனதில் மாற்றிக்கொண்டு பார்த்தால் பாதிப் படம் கைநழுவிவிடும், 'திருநங்கை' என்று மாற்றினாலும் அப்படித்தான். நானே ஒரு பாத்திரத்தைப் பற்றி எழுதும்போது திருநங்கை என்று போட்டு, மறுபடி பார்த்த பிறகு திருத்தினேன். ஆணாகப் பிறந்தவர், பெண்மையான நடை, உடை, பேச்சு, ஆண்மீது ஈர்ப்பு, உள்ளே இருப்பது 'பெண் மனசு' என்ற நம்பிக்கை, எல்லாம் சேர்ந்த ஒரு வாழ்க்கை அது. அதே சொல்லை ஒருவர் பெருமையாகச் சொல்லிக்கொள்வார், இன்னொருவர் வசவாக வீசுவார், ஆகவே யார் யாரிடம் சொல்கிறார் என்று ஒவ்வொரு முறையும் கவனியுங்கள். இது தங்களுக்குப் பொருந்தாது என்று நினைக்கும் டிரான்ஸ் பெண்களுக்கு 'டிரான்ஸ்பினாய்' என்று தனிச்சொல் இருக்கிறது. 'டாம்பாய்' என்றால் அங்கே பெரும்பாலும் பெண்ணை விரும்பும், ஆண் தோரணையுள்ள பெண். அவர்களுடைய கதைகள் திரையில் மிகக் குறைவு, கிடைத்தால் விடாதீர்கள்.

அப்புறம் சப்டைட்டிலை முழுசாக நம்பாதீர்கள். தகலோக் மொழியில் அவன், அவள் இரண்டுக்கும் ஒரே சொல், 'சியா'. 'அசாவா' என்றால் கணவனும் மனைவியும், 'அனாக்' என்றால் மகனும் மகளும். அதாவது ஒரு பாத்திரத்தின் பாலினத்தைச் சொல்லாமலே படம் முழுக்கப் பேசிவிட முடியும். ஆங்கில சப்டைட்டில் எழுதுகிறவருக்கு அந்த வசதி இல்லை, 'ஹீ'யா 'ஷீ'யா என்று முடிவு செய்தாக வேண்டும், நீங்கள் படிப்பது அந்த முடிவைத்தான். ஆனால் மூத்தவரைக் கூப்பிடும் உறவுச் சொற்களில் பாலினம் உண்டு: 'கூயா' அண்ணன், 'ஆதே' அக்கா. ஒரு டிரான்ஸ் பெண்ணை வீட்டுக் கடைசிப் பிள்ளை 'ஆதே' என்று கூப்பிட்டால் அங்கே ஏற்பு நடந்துவிட்டது, 'கூயா' என்று கூப்பிட்டால் ஒரு கதவு சாத்தப்பட்டுவிட்டது. சப்டைட்டிலில் வெறும் பெயர்தான் வரும். இந்த இரண்டு சொற்களை மட்டுமாவது காதில் வாங்கப் பழகுங்கள்.

பக்லாக்களுக்கென்றே ஒரு பேச்சு இருக்கிறது, 'பெக்கி' மொழி என்பார்கள். பசிக்கு தகலோக்கில் 'குதோம்', அதன் கடைசி அசையைப் பிடித்து 'டாம் ஜோன்ஸ்' என்று பாடகர் பெயரில் சொல்வார்கள். மழை 'உலான்', அது பாடகி அலானிஸ் மொரிசெட்டின் பெயரோடு ஒட்டி 'ஜுலானிஸ் மொரிசெட்' ஆகிவிடும். சப்டைட்டில் 'பசிக்கிறது' என்று மட்டும் போட்டுவிட்டு நகர்ந்துவிடும், ஆனால் அந்த இடத்தில் ஒருவர் இன்னொருவரிடம் 'நீ நம்ம ஆள்' என்று சொல்லியிருக்கிறார்.

சரி, எங்கே தொடங்குவது? நிக் டியோகாம்போ 1983இல் சூப்பர் 8 படச்சுருளில் எடுத்த 'ஆலிவர்' ஆவணக் குறும்படத்திலிருந்து தொடங்குங்கள். சர்வாதிகாரி ஃபெர்டினாண்ட் மார்கோஸின் ஆட்சிக்கால மணிலா, கே பார்களில் மேடையேறிச் சம்பாதித்துக் குடும்பத்தைக் காப்பாற்றும் ஒருவர். அந்தக் குடும்பப் பாரத்தைக் கவனித்துவிட்டால் பின்னால் வந்த எத்தனையோ படங்கள் தானாகத் திறக்கும், ஏனென்றால் 'சம்பாதித்துப் போடுகிறவரை நீ எப்படி வேண்டுமானாலும் இரு' என்பதுதான் நான் மேலே சொன்ன நிபந்தனை. நீளப்படம் என்றாலும் 2005இல் வந்த 'மாக்சிமோ ஒலிவெரோஸ்' படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். திருட்டுத் தொழில் செய்யும் அப்பாவும் அண்ணன்களும் அந்த 12 வயதுப் பிள்ளையை அப்படியே ஏற்றுக்கொள்கிறார்கள், வீட்டில் சமைப்பதும் துவைப்பதும் அந்தப் பிள்ளைதான். அந்த அன்பு உண்மையானது, வேலைப் பங்கீடும் உண்மையானது, இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இடங்களையும் பாருங்கள். அழகு நிலையம், தேவாலயம், அப்புறம் ஊர் கூடைப்பந்து மைதானம். பகலில் பையன்கள் பந்து விளையாடும் அதே சிமெண்டுத் தரைதான் ஊர்த் திருவிழாவில் பக்லாக்களின் 'மிஸ் கே' அழகிப் போட்டிக்கு மேடையாகும். ஊரே கைதட்டும், ஆனால் பாலினம், பாலீர்ப்பு காரணமான பாகுபாட்டைத் தடுக்கும் தேசியச் சட்டம் மட்டும் 2000ஆம் ஆண்டு முதல் மசோதாவாகவே கிடக்கிறது. சமீபத்திய படங்களில் கதை கைபேசிக்குள் போய்விட்டது. பீட்டர்சன் வார்காஸின் 'ஹவ் டு டை யங் இன் மணிலா'வில் ஒரு பையன், இணையத்தில் பேசிய முகம் தெரியாத ஆள் இவர்களில் ஒருவனோ என்று இரவில் ஒரு கூட்டத்தின் பின்னாலேயே போகிறான். திரிஷ்டன் பெரெஸின் 'ஐ கெட் சோ சேட் சம்டைம்ஸ்' படத்திலும் மறுமுனையில் இருப்பது முகம் காட்டாத ஆள்தான். ஊர் முழுக்கத் தெரிந்த பக்லாவிலிருந்து திரைக்குப் பின்னால் ஒளிந்த காதலன் வரை வந்த தூரத்தை இந்தப் படங்களை அடுத்தடுத்துப் பார்த்தால்தான் உணர முடியும்.

படங்களைத் தேட விழாப் பட்டியல்களே நல்ல வழி. 1987இல் தொடங்கிய கவாட் சிசிபி (பிலிப்பைன்ஸ் கலாச்சார மையத்தின்) மாற்றுப்படப் போட்டி, 2005 முதல் நடக்கும் சினிமலாயா விழாவின் குறும்படப் பிரிவு, குவெசோன் நகரத்தின் க்யூசினிமா விழா. பெயரைக் குறித்துக்கொண்டு இயக்குநரின் விமியோ, யூடியூப் பக்கங்களில் தேடுங்கள், சில படங்கள் அங்கே முழுதாகவே கிடைக்கும்.

பார்த்துவிட்டுத் தமிழில் எழுதப் போகிறீர்களா? அப்போது ஒரு சிக்கல் வரும். நம் வினைமுற்றில் பாலினம் ஒட்டிக்கொண்டே வரும், 'வந்தான்' அல்லது 'வந்தாள்' என்று எழுதிய கணமே 'சியா' மூடிவைத்ததை நீங்கள் திறந்துவிடுவீர்கள். பாத்திரம் தன்னை எப்படிச் சொல்லிக்கொள்கிறது என்று ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள். படம் சொல்லவில்லை என்றால் 'அவர் வந்தார்' போதும்.