மாற்றிக் கட்டிய வண்டி: ஆய்வில் சறுக்கும் இடங்கள்

எல்லா வேலையும் முடித்து, பெயின்ட் அடித்து, சீட்டும் தைத்துவிட்டு, அதற்கப்புறம்தான் பலர் விதிகளைத் தேடிப் படிக்கிறார்கள். பெரிய தவறு இதுதான். மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்தே கிளைக்கின்றன.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, உங்கள் ஊர்ச் சட்டம் எதை அனுமதிக்கிறது என்பது. நாட்டுக்கு நாடு இது நிறையவே மாறும். பிரிட்டனில் வீட்டில் கட்டிய காரை ஐவிஏ (தனி வண்டி ஒன்றுக்கான ஒப்புதல்) என்ற சோதனைக்குக் கொண்டுபோய்ப் பதிவு வாங்க வழி உண்டு. இந்தியாவில், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கும் ஆர்சியில் உள்ளவற்றுக்கும் முரண்பாடு வரும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது. அதனால் வேறு நாட்டு வீடியோவைப் பார்த்து அப்படியே செய்வது பணத்துக்குக் கேடு. இரும்பை வெட்டுவதற்கு முன்பே வாகன ஆய்வாளரிடமோ அங்கீகாரம் பெற்ற பொறியாளரிடமோ வரைபடத்தைக் காட்டிப் பேசிவிடுங்கள்.

அடுத்தது ஆதாரம். வெல்டிங் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், மேலே தகடும் பெயின்ட்டும் ஏறிவிட்டால் அது யார் கண்ணுக்கும் தெரியாது. மூடுவதற்கு முன் ஒவ்வொரு இணைப்பையும் பக்கத்தில் அளவுகோலை வைத்துப் படமெடுத்து வையுங்கள். இன்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்தது, யாரிடம் வாங்கியது என்பதற்கு ரசீது வேண்டும். சேஸி எண்ணைத் தேய்ப்பது, வெட்டி வேறு இடத்தில் ஒட்டுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. துருப்பிடித்துப் படிக்க முடியாமல் போயிருந்தாலும் நீங்களாகக் கை வைக்காதீர்கள். அது திருட்டு வண்டியோ என்ற சந்தேகத்தில் போய் நிற்கும்.

பிரேக்குக்கு வருவோம். பெரிய டிஸ்க் போட்டால் நல்லதுதானே என்று பின்சக்கரத்தில் மட்டும் மாட்டுகிறவர்கள் உண்டு. அழுத்திப் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்னால் சாயும், பின்சக்கரத்தின் பிடிப்பு குறையும். அந்த நேரத்தில் பின்சக்கரம் முதலில் சுழலாமல் பூட்டிக்கொண்டால் வண்டி அப்படியே சுழன்றுவிடும். எது முதலில் பூட்டுகிறது என்பதை ஆய்வாளர் கட்டாயம் பார்ப்பார். பிரேக் ஹோஸையும் (பிரேக் எண்ணெய் போகும் வளையும் குழாய்) ஒருமுறை சரிபாருங்கள்: சக்கரம் தொங்கும் நிலையில் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பார்த்தால்தான், ஹோஸ் இழுபடுகிறதா, டயரில் உரசுகிறதா என்று தெரியும். வண்டி தரையில் நேராக நிற்கும்போது எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும்.

ஸ்டீயரிங் பாகங்களைச் சூடாக்கி வளைப்பது, வெட்டி ஒட்டுவது இரண்டும் ஆபத்தான வேலை. உலோகத்துக்குத் தொழிற்சாலையில் கொடுத்த பதம் அந்தச் சூட்டிலேயே போய்விடும். அழகுக்காக அவற்றுக்குக் குரோம் பூசுவதும் எனக்கு ஒப்பாது. பூசும்போது ஹைட்ரஜன் உள்ளே புகுந்து உறுதியான எஃகை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுபோகலாம்.

டயர் மாற்றத்தைப் பலர் மாற்றமாகவே நினைப்பதில்லை. 205/55 ஆர்16 அளவு டயர் இருந்த இடத்தில் 215/60 ஆர்16 அளவு போட்டால் டயரின் சுற்றளவு சுமார் 5 சதவீதம் கூடும். முன்பு துல்லியமாகக் காட்டிய ஸ்பீடோமீட்டர் இப்போது 100 காட்டும்போது வண்டி 105இல் போய்க்கொண்டிருக்கும். உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும் மீட்டரை ஐக்கிய நாடுகள் வாகன விதிகள் ஏற்பதில்லை, கொஞ்சம் கூட்டிக் காட்டினால் பொறுத்துக்கொள்ளும்.

ஹெட்லைட்டில் வெளிச்சம் கூடினால் போதும் என்று ஹாலஜனுக்கான கூட்டில் எல்இடி பல்பைச் சொருகுவதும் அப்படித்தான். அந்தக் கூட்டின் பிரதிபலிப்பான், ஹாலஜன் பல்பின் இழை இருக்கும் இடத்தைக் கணக்கிட்டுச் செய்யப்பட்டது. ஒளி தோன்றும் இடம் நகர்ந்தால் எதிரே வருபவர் கண் கூசும். வண்டியின் உயரத்தை மாற்றினாலும் லைட்டின் கோணம் மாறும், சஸ்பென்ஷன் வேலை முடிந்ததும் அதைத் திரும்பச் சரிசெய்ய வேண்டும்.

கூரான விளிம்புகள் சில்லறை விஷயமாகத் தோன்றும். ஆனால் ஐவிஏ சோதனையில், வெளியே எளிதில் படக்கூடிய விளிம்புகள் குறைந்தது 2.5 மில்லிமீட்டர் ஆரத்துக்கு மழுங்கியிருக்க வேண்டும். நடந்து போகிறவர்மீது இடித்தால் கிழிக்கக் கூடாது என்பதுதான் காரணம். கண்ணாடித் தாங்கி, தகட்டு ஓரம், நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட் என எல்லாவற்றையும் விரலால் தடவிப் பாருங்கள். சீட் பெல்ட் போல்ட்டை மெல்லிய தகட்டில் வெறுமனே முடுக்குவது அதைவிட மோசம், பின்னால் வலுவூட்டும் தகடு இல்லையென்றால் மோதலில் பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

முதல் ஆய்வில் தேறாவிட்டால் சண்டைக்குப் போகாமல், குறைகளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அவற்றை மட்டும் சரிசெய்யுங்கள். இடையில் ஆசைப்பட்டு வேறு எதையாவது மாற்றினால் முன்பு தேறிய பகுதியையும் மறுபடி பார்க்கச் சொல்லலாம். அனுமதி வந்ததும் காப்பீட்டு நிறுவனத்துக்கு எல்லா மாற்றங்களையும் எழுத்தில் தெரிவித்து, பாலிசியில் ஏற்றச் சொல்லுங்கள். பதிவு அலுவலகம் ஒப்புக்கொண்ட மாற்றம் அவர்களுக்குத் தானாகப் போய்ச் சேரும் என்று இருந்துவிட்டால், விபத்து நடந்த பிறகு இழப்பீடு மறுக்கப்படலாம்.