உங்கள் பெண் இன்ஸ்பெக்டரை வாசகர் ஏன் வெறுக்கிறார்?

ஒரு பயிற்சிப் பட்டறைக்காகக் கடந்த மாதம் ஏழு குற்றநாவல் கையெழுத்துப் பிரதிகளைப் படித்தேன். நான்கில் துப்புத் துலக்குபவர் பெண் இன்ஸ்பெக்டர். நான்கிலும் ஜீப்பைவிட்டு இறங்கியதும் அவர் செய்யும் முதல் காரியம், ஏட்டைத் திட்டுவது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. என் முதல் நாவலும் அப்படித்தான் தொடங்கியது. மூன்று ஆண்டு உழைத்து எழுதிய புத்தகம் அது. இரண்டாம் பதிப்பைக் காணவில்லை. படித்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: "கொலைகாரன் யாரென்று தெரிந்துகொள்ள ஆசை இருந்தது. ஆனால் அந்தப் பெண்ணோடு இன்னும் நூறு பக்கம் நடக்க முடியவில்லை."

எழுத்துப்பிழை, இழுவையான வர்ணனை, தேவைக்கு மேல் பிணங்கள் இவற்றைப் பற்றிச் சொல்லப்போவதில்லை. அவை உங்களுக்கே தெரியும்.

மற்றவர்களை முட்டாளாக்கி அவளைப் புத்திசாலி ஆக்குவது

இதை இன்றும் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை, பிறர் எழுத்தில் பார்த்தாலும்.

என் நாவலில் முசிறிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், வயலோரத்து மோட்டார் அறை வாசலில் ஒருவர் இறந்துகிடப்பார். செருப்பின் அடியில் ஈரச் சேறு அப்பியிருக்கும். மழை பெய்து ஒரு மாதமாகியிருக்கும். மும்முனை மின்சாரம் வந்து மோட்டார் ஓடினால்தான் அந்த வரப்பில் ஈரம். அன்று மின்சாரம் வந்தது இரவு இரண்டு மணிக்கு. ஆகவே இரண்டு மணிக்குப் பிறகும் அவர் உயிரோடு நடமாடியிருக்கிறார். பன்னிரண்டு மணிக்கு வேறிடத்தில் இருந்ததாகக் கணக்கு காட்டித் தப்பிக்கப் பார்த்த மைத்துனன் மாட்டிக்கொள்வான். நல்ல தடயம்தான். இன்றும் அதில் எனக்குப் பெருமை உண்டு.

அதைக் கண்டுபிடித்தது யார் என்பதில்தான் சறுக்கினேன். சென்னையில் பிறந்து வளர்ந்து, அந்த ஸ்டேஷனில் சேர்ந்து பத்து நாள்கூட ஆகாத இன்ஸ்பெக்டர், செருப்பைப் புரட்டிப் பார்த்த மாத்திரத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள். பக்கத்தில் நிற்கும் ஏட்டு வாயைப் பிளப்பார். "இத்தனை வருஷம் என்ன வேலை பார்த்தீர்கள்?" என்று அவள் கேட்பாள். அந்த வரியை எழுதிய இரவு எனக்கு உற்சாகத்தில் தூக்கம் வரவில்லை.

புத்தகம் வந்து நாலைந்து மாதம் கழித்து, பணி ஓய்வுபெற்ற ஏட்டு ஒருவரிடமிருந்து ஓர் உள்நாட்டு அஞ்சல் உறை வந்தது. கோபமில்லாத, சுருக்கமான கடிதம். "ஐயா, எந்த ஊருக்கு எந்த வாரம் பகலில் கரண்ட், எந்த வாரம் இரவில் கரண்ட் என்பது பீட் பார்க்கிற ஏட்டுக்குத்தான் முதலில் தெரியும். இரவு ரோந்தில் மோட்டார் சத்தத்தை வைத்தே மணி சொல்லுவோம். உங்கள் அம்மையாருக்கு அதை யார் சொன்னது?"

பதில் என்னிடம் இல்லை. சொன்னது நான். ஏட்டின் அறிவைப் பிடுங்கி அவள் வாயில் வைத்துவிட்டு, அந்த ஏட்டையே அவளை விட்டுத் திட்டவும் வைத்திருந்தேன்.

வாசகருக்குக் கடுமையான பெண் பிடிக்காது என்று பலர் நினைக்கிறார்கள். அது உண்மையில்லை. 2011-இல் வந்த ஸ்வீடன்–டென்மார்க் கூட்டுத் தொடரான 'தி பிரிட்ஜ்' பார்த்திருந்தால் அதில் வரும் ஸ்வீடன் போலீஸ் அதிகாரி சாகா நோரெனைத் தெரிந்திருக்கும். பாலத்தின் நடுவில் பிணம். இதய நோயாளியைச் சுமந்த ஆம்புலன்ஸுக்குக்கூட அவள் வழிவிட மறுக்கிறாள். டென்மார்க் அதிகாரி மார்ட்டின் வழிவிட்டதும், அவன்மீது புகார் செய்வேன் என்கிறாள். இதைவிடக் கடுமை என்ன வேண்டும்? ஆனாலும் உலகமே அவளோடு நடந்தது. அந்தக் காட்சியில் மார்ட்டின் முட்டாளாக இல்லை. அவன் செய்தது நமக்குச் சரியாகவே படுகிறது, அவள் சொல்லும் விதியும் பொய்யில்லை. இருவருக்கும் நடுவில் நம்மை நிற்க விட்டிருக்கிறார்கள். பின்னாளில் தனக்கு வாய்த்த ஒரே நண்பனான அந்த மார்ட்டினையும் அதே கண்டிப்போடு அவள் சட்டத்திடம் ஒப்படைக்கும்போது, இழப்பு அவளுக்குத்தான்.

என் இன்ஸ்பெக்டர் எதையும் இழக்கவில்லை. அவள் சீறினால் எதிரில் இருப்பவர் தலைகுனிவார். அவள் சந்தேகப்பட்டால் அது சரியாக இருக்கும். வாசகர் வெறுத்தது அவள் நாக்கை அல்ல, ஒவ்வொரு பக்கத்திலும் அவளுக்காகச் சீட்டைக் கலைத்துப் போட்ட என் கையை.

பட்டறைக்கு வந்தவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தேன். உங்கள் கதாநாயகி திட்டுகிற ஒவ்வொரு இடத்திலும், திட்டு வாங்குபவருக்கு அவளுக்குத் தெரியாத ஒன்றைக் கொடுங்கள். ஸ்டேஷனில் பதிவேடு எழுதும் ரைட்டர், பிணவறை ஊழியர், டீ கொண்டுவரும் பையன், யாராக இருந்தாலும் சரி. நால்வரில் ஒருவர் மட்டும் செய்துகொண்டு வந்தார். அவர் கதையில் அந்த இன்ஸ்பெக்டரின் வசனத்தில் ஒரு சொல் மாறவில்லை, ஆனால் படிக்கும்போது ஆள் மாறியிருந்தாள்.

அறைந்து வாங்கும் வாக்குமூலம்

ஏழில் ஐந்து நாவல்கள் இப்படி முடிகின்றன. கன்னத்தில் ஓர் அறை, சந்தேக நபர் மடமடவென்று எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறார், முற்றும். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலைக் குற்றம்சாட்டப்பட்டவருக்கு எதிராக நீதிமன்றத்தில் நிரூபிக்க முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தில் இது 25-ஆம் பிரிவு; 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 23-ஆம் பிரிவு. அவர் சொன்னதை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு நேராகத் தொடர்புள்ள பகுதி மட்டும் செல்லும். ஆக, தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலிருந்து கத்தி வரவேண்டும். அறையால் வழக்கு நிற்காது. உங்கள் கதாநாயகி சிடுமூஞ்சியாகவும் இருந்து, வேலையும் தெரியாதவளாக இருந்தால், அவளோடு வாசகர் ஏன் வரவேண்டும்?

இதே போலத்தான் கிழவியை நள்ளிரவில் ஸ்டேஷனுக்கு இழுத்து வருவதும். பெண்களையும், 60 வயதைக் கடந்தவர்களையும் சாட்சி விசாரணைக்காக அவர்கள் வசிக்கும் இடத்தைவிட்டு வரும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 179-ஆம் பிரிவு. சட்டத்தை மதித்தால் கதைக்கும் லாபம்: ஸ்டேஷனில் ஒரு மேசையும் மின்விசிறியும்தான் இருக்கும். கிழவியின் வீட்டுக்குப் போனால், அடுப்பங்கரைச் சுவரில் மாட்டிய மருந்துப் பையும் திருப்பி வைத்த போட்டோவும் கண்ணில் படும்.

பெண் என்பதற்கே எல்லோரும் வியப்பது

தமிழகக் காவல் துறையில் பெண்கள் சேர்ந்தது 1973-இல். முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் ஆயிரம் விளக்கில் 1992-இல் திறக்கப்பட்டது. உங்கள் கதை இன்று நடக்கிறது. டீக்கடைக்காரர் வியந்து கிளாஸைக் கீழே போடமாட்டார்.

பழைய சோகம்

அவள் சிடுசிடுப்புக்கு இருபதாம் அத்தியாயத்தில் காரணம் சொன்னால், அதுவரை வாசகர் இருக்கமாட்டார்.

கடைசி அத்தியாயத்தில் வந்து சேரும் கொலையாளி

வேண்டாம்.

அவள் தவறே செய்யாமல் இருப்பது

அந்த நாவலைப் பதினோரு ஆண்டு கழித்து மறுபடி எழுதினேன். ஏட்டு செருப்பைக் காட்டுகிறார். அவள் "வாயை மூடுங்கள்" என்கிறாள். மைத்துனனை விட்டுவிட்டு, இறந்தவரின் தம்பியைக் கைது செய்கிறாள். மூன்று நாள் கழித்து மின்வாரிய அலுவலகத்துப் பதிவேட்டைத் தானே போய்ப் பார்த்துவிட்டு, ஏட்டிடம் வந்து, "நீங்கள் சொன்ன நேரம்தான்" என்கிறாள். மன்னிப்புக் கேட்கவில்லை, அவளுக்கு அது வராது. ஏட்டும் எதிர்பார்க்கவில்லை. ஜீப்பில் ஏறும்போது மட்டும், "தம்பி வீட்டுக்கு நாம் இரண்டு பேரும் போவோம்" என்கிறாள்.

அந்த வீட்டில் தாய் திண்ணையில் உட்கார்ந்து முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருக்கிறார். யார் வந்தாலும் தண்ணீர் கொடுக்கிற வீடு. அவர் எழுந்திருக்கவில்லை. இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, புடைத்து முடியும்வரை வாசலிலேயே நிற்கிறாள்.

மாற்றி எழுதிய புத்தகம் வந்தபின் வாசகர்கள் எனக்கு எழுதியது பெரும்பாலும் அந்த வாசலைப் பற்றித்தான்.