கம்பெனி மொதலாளி தூதரானா, அந்த வாழ்க்கைய மலர்ல எழுதறது எப்படி

நம்ம பக்கத்துல மலர் போடாத விசேஷம் ஏதுங்க. மணிவிழாவா, மலரு. பள்ளிக்கூடத்துக்கு நூறு வருஷமா, மலரு. பனியன் கம்பெனி ஓனர் ஒருத்தரு சங்கத்துக்குத் தலைவரானா அதுக்கும் ஒரு மலரு, பளபளன்னு ஆர்ட் பேப்பர்ல. நானு திருப்பூர்ல பகல்ல நூல் கணக்கு எழுதறவன், பொழுதோட இந்த மலருகளுக்கு வாழ்க்கைக் குறிப்பு எழுதிக் குடுக்கறது ஒரு சோலி, பத்துப் பன்னெண்டு வருஷமா ஓடுது. போன வாரம் காலேஜ் படிக்கற அக்கா பையன் வந்து, "மாமா, பிசினஸ்ல இருந்து தூதரான ஒருத்தரப் பத்தி எழுதோணுங்க, எங்க ஆரம்பிக்கறதுன்னே தெரியல"ன்னான். அவனுக்குச் சொன்னதத்தான் கொஞ்சம் நீட்டி இங்க போடறேன்.

அவன் கொண்டாந்த டிராஃப்ட்டப் பார்த்தா, "சிறுவயது முதலே துடிப்பு மிக்கவர்"ன்னு ஆரம்பிச்சு, அப்புறம் பதவி, பதவி, பதவி. ரேஷன் கார்டுல பேரு இருக்கற மாதிரி வரிசையா நிக்குது, ஆளக் காணோம். இந்த மாதிரி வாழ்க்கைய எழுதறதுக்கு முன்னால ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தேடுங்க. தொழில்ல கத்துக்கிட்ட எது தூதர் வேலையில கைகுடுத்துச்சு, எது காலை வாரி உட்டுச்சு. இது கெடைச்சா மிச்சதெல்லாம் தானா வந்து ஒட்டிக்கும். கெடைக்கலைன்னா நீங்க எழுதறது பயோடேட்டாதான்.

அவன் எடுத்திருந்த ஆளு எல்ஸ்வொர்த் பங்கர், அவரையே வெச்சுப் பார்ப்போம். 1894-ல நியூயார்க் பக்கம் யோங்கர்ஸ்ல பொறந்து, 1916-ல யேல் யுனிவர்சிட்டி முடிச்சு, அப்பா இருந்த நேஷனல் சுகர் ரிஃபைனிங் கம்பெனில சேர்ந்து முப்பது வருஷத்துக்கு மேல சக்கரைதான், கம்பெனித் தலைவர் வரைக்கும் போனாரு. 1951-ல 56 வயசுல ஜனாதிபதி ட்ரூமன் அவர அர்ஜென்டினாவுக்குத் தூதரா அனுப்பறாரு. நம்மூருல அந்த வயசுக்கு ஆளுக பையன் கையில சாவியக் குடுத்துட்டு தோட்டத்துல தென்னைக்குத் தண்ணி கட்டப் போயிருவாங்க, இவருக்கு ரெண்டாவது வேலையே அப்பத்தான் ஆரம்பிக்குது, அது 80 தாண்டியும் ஓடுச்சு.

இப்ப அந்தக் கேள்வியப் போடுங்க. சக்கரை யாவாரம் என்ன கத்துக் குடுத்திருக்கும்? கவுந்தப்பாடி சந்தையில நாட்டுச்சக்கரை ஏலம் பார்த்தவங்களுக்குச் சட்டுனு புரியும், மூட்டை நல்லா இருந்தா மட்டும் போதாதுங்க, பழனிக் கோயிலுக்குப் பஞ்சாமிர்தத்துக்கு இந்த வாட்டி எத்தன மூட்டை எடுக்கறாங்கங்கறத வெச்சு வெலையே ஏறி எறங்கும். அமெரிக்காவுல அது இன்னும் பெரிய கூத்து. கியூபாவுல இருந்து கச்சாச் சக்கரை கப்பல்ல வரோணும், 1934-ல இருந்து எந்த நாட்டுல இருந்து எவ்வளவு வரலாம்னு சட்டம் போட்டுக் கோட்டா வெச்சிருந்தாங்க. அப்ப சக்கரைக் கம்பெனி நடத்தறவன் வாஷிங்டன் ஆபீசரையும் தெரிஞ்சு வெச்சிருக்கோணும், கரும்பு வெளையற ஊரோட மனசையும் தெரிஞ்சு வெச்சிருக்கோணும். பாதித் தூதர் வேலைய அவரு சக்கரையிலயே பார்த்தாச்சு. உங்க கட்டுரையோட முதுகெலும்பு இதுதான், இத மூணாவது பாராவுக்குள்ள கொண்டாந்துருங்க.

அடுத்து தேதி. பழைய டெய்லி காலண்டர் தாளக் கிழிச்சு பின்பக்கம் வருஷத்துக்கு ஒண்ணா எழுதி சுவத்துல ஒட்டி வெச்சுக்குவேன், கம்ப்யூட்டரெல்லாம் இதுக்கு ஒத்து வராதுங்க எனக்கு. தூதர் வாழ்க்கையில தேதி நெம்ப ஏமாத்தும். ஒருத்தரு பேர அறிவிக்கறது ஒரு தேதி, அங்க போயி அந்த நாட்டுத் தலைவர்கிட்ட நியமனக் கடுதாசியக் குடுக்கறது இன்னொரு தேதி. பங்கர் இந்தியாவுக்குன்னு நியமனமானது 1956 கடைசி, கடுதாசி குடுத்தது 1957 மார்ச். ஒரு புஸ்தகத்துல 56, இன்னொண்ணுல 57ன்னு இருந்தா ரெண்டும் சரிதான், நீங்க எதச் சொல்றீங்கன்னு தெளிவாச் சொன்னாப் போதும். அதே மாதிரி ஒரே ஆளு ரெண்டு நாட்டுக்குத் தூதரா இருப்பாங்க. பங்கர் டெல்லியில உக்காந்துட்டே 1959 வரைக்கும் நேபாளத்துக்கும் தூதர், இது தெரியாம "நேபாளத்துக்கு மாற்றப்பட்டார்"னு எழுதிப் போடாதீங்க.

அறிவிக்கறதுக்கு முன்னாலயே ஒரு படி இருக்குது. போற நாட்டுகிட்ட சத்தமில்லாம சம்மதம் கேக்கோணும், 1961 வியன்னா ஒப்பந்தத்துல இருக்கு, வேண்டாம்னா அவங்க காரணம் கூடச் சொல்ல வேண்டியதில்ல. நிச்சயத்துக்கு முன்னால ஒறம்பரை ஒருத்தரு மூலமா பொண்ணு வீட்டுக் காதுல போட்டு வெக்கறோமே, அதேதான். அமெரிக்காவுல அதுக்கு மேல செனட்டுங்கற அவங்க மேல்சபை ஓட்டும் வேணும். அங்க தேர்தலுக்குப் பணம் குடுத்தவங்களுக்குத் தூதர் பதவி போகுதுன்னு பேச்சு எப்பவும் உண்டு, 1980 சட்டத்துல நன்கொடை ஒரு காரணமா இருக்கக் கூடாதுன்னே எழுதி வெச்சிருக்காங்க, எழுத வேண்டி வந்துச்சுன்னாலே பாத்துக்கங்க. அதனால நீங்க எழுதற ஆளு எப்படி உள்ள வந்தாருன்னு ஒரு வரியாவது இருக்கோணும், மழுப்பக் கூடாது.

பட்டத்துல தப்பு பண்ணாதீங்க, நானு பண்ணிப் பட்டிருக்கேன். ஒரு மில் ஓனருக்கு மலர் போட்டப்ப, அவரு ஒரு சின்ன நாட்டுக்குக் கௌரவ கான்சல், நானு பெருமையா "தூதர்"னு தலைப்பே வெச்சுட்டேன். ஆயிரம் காப்பி அடிச்சதுக்கப்புறம் அவரு பொண்ணு பார்த்துட்டு சிரிச்சுது, அவரு சிரிக்கல, ராத்திரி பூரா நாங்க நாலு பேரு ஒட்டுக்கா உக்காந்து ஸ்டிக்கர் ஒட்டுனோம். கௌரவ கான்சல் பெரும்பாலும் அந்த ஊருலயே இருக்கற யாவாரிதான், தன் தொழிலப் பார்த்துட்டே விசா, பேப்பர், அந்த நாட்டு ஆளுக்கு ஒத்தாசைன்னு பண்றவரு. தூதர்னா நாட்டோட தலைவரே அனுப்பற ஆளு. காமன்வெல்த் நாடுகளுக்குள்ள அனுப்பறவருக்குப் பேரு ஹைகமிஷனர், இந்தியாவுல இருந்து லண்டனுக்குப் போனவர தூதர்னு எழுதுனா அதுவும் தப்பு.

நம்ம கோயமுத்தூரு ஆர். கே. சண்முகம் செட்டியார் விஷயத்துல இந்தக் கொழப்பம் நெறைய வரும். 1892-ல யாவாரக் குடும்பத்துல பொறந்தவரு, கொச்சி சமஸ்தானத்துக்கு திவான், யுத்த காலத்துல அமெரிக்காவுல இந்தியாவுக்குச் சாமான் வாங்கற குழுவுக்குத் தலைவர், 1944-ல உலக வங்கிக்கு வித்துப் போட்ட பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டுல இந்தியக் குழுவுல ஒருத்தர், 1947 நவம்பர் 26-ல சுதந்திர இந்தியாவோட மொத பட்ஜெட் படிச்சவரு. இத்தன செஞ்சும் அவரு தூதர் இல்லீங்க. வாஷிங்டனுக்கு நம்ம மொதத் தூதர் ஆசப் அலி, அதுவும் 1947-ல. ஊருப் பாசத்துல பட்டத்தக் கூட்டிப் போட்டா அவரு நெசமாச் செஞ்சது பின்னால போயிருது.

சரி, இப்பத்தான் ருசியான எடம். பேச்சுவார்த்தைய எழுதறது. "திறம்படப் பேசி உடன்பாடு கண்டார்"னு ஒரே வரியில முடிச்சுருவாங்க, அது பாவம். 1962-ல டச்சுக்காரங்க கையில இருந்த மேற்கு நியூகினி யாருக்குன்னு டச்சுக்காரங்களுக்கும் இந்தோனேசியாவுக்கும் சண்டை முட்டற நெலம, பங்கர் நடுவர். வர்ஜீனியாவுல மிடில்பர்க்குங்கற ஊருப் பக்கம் ஒரு பண்ணை வீட்டுல, பேப்பர்காரங்க கண்ணுல படாம உக்கார வெச்சுப் பேசறாரு. நம்ம மாட்டுச் சந்தையில தரகர் துண்டப் போட்டு மூடி, உள்ள வெரலப் புடிச்சு வெலை பேசுவாருல்ல, ரெண்டு பக்கமும் வெளிய யாருகிட்டயும் மானம் போகாம எறங்கி வரலாம், அந்தத் துண்டுதான் அந்தப் பண்ணை வீடு. டச்சுக்காரன் நேரா இந்தோனேசியாகிட்ட குடுத்தா மானப் பிரச்னை, அதனால நடுவுல கொஞ்ச நாளைக்கு ஐ.நா. கைக்கு, அங்கிருந்து இவங்க கைக்குன்னு ஒரு வழி. 1962 ஆகஸ்ட் 15 கையெழுத்து, 1963 மே மாசம் கைமாறிருச்சு. யாவாரத்துல சரக்க நேரா கை மாத்த முடியாதப்ப நடுவுல ஒரு குடோன்ல வெக்கறோமே, கணக்கு அதேதான்.

ஆனா துண்டுக்குள்ள கை விடாத ஒருத்தரு இருந்தாங்க, அந்த மண்ணுல பொறந்த பப்புவா சனங்க. அவங்க அந்த மேசையில இல்ல. இத எழுதாம உட்டா உங்க கட்டுரை பாதிப் பொய். மலருன்னாலே புகழ்ச்சிதானேன்னு கேப்பீங்க. திட்டச் சொல்லலீங்க, நடந்ததச் சொல்லுங்க. வியட்நாமும் அப்படித்தான். 1967-ல இருந்து 1973 வரைக்கும் தெற்கு வியட்நாம் தலைநகரம் சைகான்ல தூதர், 1968 ஜனவரி 31 விடியக்காலையில தூதரகக் காம்பவுண்டுக்குள்ளயே எதிர்ப்பக்கத்து வியட்காங் கொரில்லாக்க நொழஞ்சுட்டாங்க, அதுக்கப்புறமும் அந்தப் போர் சரிதான்னு நின்னவரு இவரு. சக்கரையில கத்துக்கிட்ட பொறுமையும் பேரமும் அங்க வேலைக்கு ஆகலைன்னுதான் எனக்குத் தோணுது, எதிராளி அவருகிட்ட வெலை பேசவே வரலியே. காலை வாரி உட்டது எதுன்னு கேட்டமல்லோ, அதுக்குப் பதில் இங்க இருக்கு.

பனாமாக் கால்வாய்க்கு ரெண்டு பாரா போதும், அமெரிக்கா கையில இருந்த கால்வாய பனாமாவுக்கே குடுக்கற ஒப்பந்தம், 1977 செப்டம்பர் 7 கையெழுத்து, அவருக்கு அப்ப 83. கூட நின்னு பேசுன சால் லினோவிட்சும் ஜெராக்ஸ் கம்பெனித் தலைவரா இருந்தவருதான், ரெண்டு யாவாரிக ஒரு கால்வாயத் திருப்பிக் குடுக்க வழி பண்ணாங்க, செனட்ல ஓட்டு 68க்கு 32, வேண்டியது 67. இந்த நம்பருக்குப் பக்கத்துல "மாபெரும் வெற்றி"ன்னு ஒட்டாதீங்க, நம்பரே மூச்சப் புடிச்சுட்டு நிக்குது.

வீட்டு விஷயம் கொஞ்சமா இருக்கட்டும், ஆனா இருக்கட்டும். 1967-ல அவரு கட்டிக்கிட்ட கரோல் லெய்ஸ் அப்ப நேபாளத்துக்கு அமெரிக்கத் தூதர், அம்மிணி காட்மாண்டுல, இவரு சைகான்ல. மூணு பத்தி பதவியவிட இந்த ஒரு வரி ஆளக் காட்டும். அதே மாதிரி எதிர்பாராம நடந்ததத் தேடுங்க. ஜி. எல். மேத்தா சிந்தியா கப்பல் கம்பெனில இருந்து போயி 1952-ல வாஷிங்டன்ல நம்ம தூதரானவரு, 1955-ல ஹூஸ்டன் விமான நிலைய ஓட்டல்ல நெறத்தப் பார்த்து அவரத் தனியா ஒரு ரூம்ல உக்காரச் சொல்லிட்டாங்க, அப்புறம் அமெரிக்க வெளியுறவு மந்திரி டல்லஸே மன்னிப்புக் கேக்க வேண்டியதாப் போச்சு. ஒரு தூதரோட நாள் எப்படி இருந்துச்சுங்கறத எந்தப் பாராட்டுப் பத்திரமும் இப்படிச் சொல்லாது.

ஆளு உசுரோட நம்மூருலயே இருந்தா நேராப் போங்க, சாங்காலமாப் போங்க, காலையில போனா போனு அடிச்சுட்டே இருக்கும். "உங்க சாதனை என்னங்க"ன்னு கேட்டா பிரேம் போட்ட பதில்தான் வரும். மொத ஷிப்மென்ட் திரும்பி வந்தப்ப பையர்கிட்ட என்ன சொன்னீங்க, தூதரகத்துல மொத வாரம் எது புரியல, சம்பளம் வாங்கற ஆபீசருக உங்க பேச்சக் கேட்டாங்களான்னு கேளுங்க. பழைய அக்கவுண்டண்ட், டிரைவர் ரெண்டு பேருகிட்டயும் தனியாப் பேசுங்க. டிரைவர் சொல்றது பாதிய அச்சுல போட முடியாது, அது வேற விஷயம்.

எழுதி முடிச்சதும் வீட்டுல சத்தமாப் படிச்சுக் காட்டுங்க, எங்க அப்பாரு கேட்டுட்டே தூங்கிட்டாருன்னா அந்தப் பாராவ வெட்டிருவேன். பிரஸ்ஸுக்குப் போறதுக்கு முன்னால பேரு, வருஷம், போட்டோவுக்குக் கீழ யாரு எடது யாரு வலது, மூணையும் ஒருக்கா விரல் வெச்சுப் பாருங்க. அக்கா பையன் கட்டுரையில டி.டி.பி. பண்ற தம்பி "பங்கர்"ங்கறத குண்டு விழுந்தா ஒளியற குழின்னு நெனைச்சு, "எல்ஸ்வொர்த் பதுங்குகுழி"ன்னு ஏழு எடத்துல மாத்தி வெச்சிருந்தான்.