முதிரைப் பலகையைப் பாழாக்கும் தவறுகள்

வன்னியில் வீடு கட்டுவோர் கதவுக்கும் நிலைக்கும் விரும்பித் தேடும் மரம் முதிரை. எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்த இம்மரம் வெளிர் மஞ்சள் நிறமும், சீவியதும் பட்டுப்போல மினுங்கும் முகமும், கறையான் எளிதில் அணுகாத வைரமும் (நடுப்பகுதி மரம்) கொண்டது. பேராதனையில் மகாவலிக்குக் குறுக்கே 1830களில் ஆணியே இல்லாமல் முதிரையால் கட்டப்பட்ட ஒற்றை வளைவுப் பாலம் 1905இல் மாற்றப்படும்வரை எழுபது ஆண்டுகளுக்கு மேல் பாரம் சுமந்தது. இத்தகைய மரத்தில் செய்த கதவு ஓராண்டுக்குள் வெடிக்கிறதென்றால், பெரும்பாலும் அவசரமே காரணம்.

பச்சையாக அறுத்த பலகையைக் கச்சான் காற்று வீசும் மாதங்களில் முற்றத்து வெயிலில் பரப்புவதுதான் மிகப் பெரிய தவறு. முதிரை கன மீட்டருக்கு ஏறத்தாழ 900 கிலோகிராம் நிறையுள்ள அடர்ந்த மரமாகையால், மேற்புறம் முந்திக் காய்ந்து சுருங்க, உட்புறம் ஈரத்தோடு சுருங்காமல் நிற்க, முகமெங்கும் மயிரிழை வெடிப்புகள் விழுகின்றன. பலகைகளை நிழலில், நிலத்திலிருந்து உயர்த்தி, ஒரே தடிப்பான ரீப்பைத் துண்டுகளை இடையிடையே நேருக்கு நேர் வைத்து அடுக்குங்கள். பலகையின் இரு நுனி வெட்டுமுகங்களிலும் மெழுகோ பெயின்றோ பூசுங்கள். ஓரங்குலப் பலகைகூடக் காய்வதற்குப் பல மாதங்கள் செல்லும்.

மரக்காலையில் வைரத்தையும் வெள்ளையையும் (பட்டையை ஒட்டிய வெளிமரம்) நிறத்தால் பிரித்தறியலாம் என்று நம்புவது அடுத்த தவறு. தேக்கில் அது எளிது. முதிரையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே நிறம். பட்டை ஒட்டியிருந்த ஓரம் எது என்று கேட்டறிந்து, அந்தப் பகுதியை நிலத்தையோ ஈரச் சுவரையோ தொடும் இடத்தில் வைக்காதீர்கள்.

முதிரையின் இழைகள் ஓர் அடுக்கில் ஒருபுறமும் அடுத்த அடுக்கில் மறுபுறமுமாகச் சாய்ந்திருக்கும். அழகிய வரிகள் தெரிவது அதனால்தான். மழுங்கிய சீவுளியை ஓட்டினால் முகம் பிய்வதும் அதனால்தான். துளையிடாமல் ஆணி அறைந்தால் பலகை பிளக்கும். அரிதூள் சிலருக்குத் தோலில் கடும் அரிப்பையும் கொப்புளத்தையும் உண்டாக்குவதால் முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும் அவசியம். 2009 வரை போர் நடந்த நிலத்து மரங்களில் குண்டுச் சிதறல்கள் புதைந்திருக்கக்கூடும். அறுக்கும் வாளில் ஏற்றுமுன் உலோகம் இருக்கிறதா என்று பார்ப்பது ஆளையும் காக்கும், வாளையும் காக்கும்.

அனுமதிப்பத்திரம் இல்லாத மரத்தை மலிவென்று வாங்கவே கூடாது. மெதுவாக வளரும் முதிரை நம் காடுகளில் களவு வெட்டால் குறைந்து வருவது மனத்தை வருத்துகிறது. முறையாகக் கிடைத்த பலகையை எனாமல் பூசி மறைக்காமல், தெளிந்த வார்னிஷை மெல்லியதாக இரண்டு மூன்று தடவை பூசினாலே போதும்.