'அருமை' சொல்வதை நிறுத்தினோம்

வாட்ஸப் கதைக் குழுவில் நாற்பது பேர் இருந்தோம், கதை போட்டால் 'அருமை', ஒரு கைகூப்பு, அவ்வளவுதான், ஆறே மாதத்தில் குட்மார்னிங் மட்டும் மிஞ்சியது. சரி என்று, நிஜமாகவே எழுதுகிற நாலு பேரை மட்டும் சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு தட்டுவடை செட் (தட்டுவடைகளுக்கு நடுவே சட்னியும் காய்த்துருவலும்) கடைக்கு வரச் சொன்னேன். கதையை பிரின்ட் எடுத்து வரணும், படிக்கிறவர் சலிப்புத் தட்டிய இடத்தில் பென்சில் கோடு போடணும், எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. (முதலில் திறந்தது நான்தான்.) என் கதையில் ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஒவ்வொன்றாக வர்ணித்திருந்தேன், மூன்றாவது வளைவிலேயே மூன்று பேர் கோடு போட்டிருந்தார்கள், ஒரு தாளில் சிவப்புச் சட்னிக் கறை வேறு. வீட்டுக்கு வந்து 17 வளைவுகளை வெட்டினேன். இப்போது மாதம் ஒரு ஞாயிறு கூடுகிறோம், யாராவது வராவிட்டால் போன் போட்டுத் திட்டு விழும்.