ஒரு வருட வாசிப்பைத் திட்டமிடுவது எப்படி: எத்தனை என்பதை விடுங்கள், எதெது என்று யோசியுங்கள்

"இந்த வருடம் ஐம்பது புத்தகம்" என்று இலக்கு வைப்பது சுலபம். குட்ரீட்ஸ் தளத்தில் 2011இலிருந்து நடந்துவரும் வருடாந்தர வாசிப்புச் சவாலும் அடிப்படையில் இந்த ஒரு எண்ணைத்தான் கேட்கிறது. எண்ணிக்கை வைத்துக்கொள்வது தப்பில்லை, ஆனால் அது மட்டுமே இலக்காக இருந்தால் நாம் தேர்ந்தெடுக்கும் புத்தகங்களை அது மெல்ல மாற்றிவிடும். அக்டோபர் வந்து கணக்கில் பின்தங்கியிருக்கிறோம் என்று தெரிந்தால் நூறு பக்கத்தில் முடிகிற புத்தகத்துக்குத்தான் கை போகும், 900 பக்க நாவல் அலமாரியிலேயே நிற்கும், ஏனென்றால் கணக்கில் இரண்டுமே ஒன்றுதான். அதனால் எத்தனை என்பதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, என்னென்ன வகை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது.

முதல் வேலை, போன வருடம் படித்ததை எல்லாம் எழுதிப் பார்ப்பது. ஞாபகத்தில் இருப்பதை எழுதுங்கள், அப்புறம் மின்னூல் செயலி, நூலகக் கணக்கு, புத்தகம் வாங்கிய பில்கள் என்று ஒரு சுற்று பார்த்தால் மறந்துபோனவையும் வந்துவிடும். ஒவ்வொரு புத்தகத்துக்கும் பக்கத்தில் சில விவரங்கள்: புனைவா அபுனைவா, முதலில் எந்த மொழியில் எழுதப்பட்டது, எழுதியவர் ஆணா பெண்ணா, முதல் பதிப்பு எந்த ஆண்டு, அந்தப் புத்தகம் உங்களிடம் எப்படி வந்து சேர்ந்தது. இந்தக் கடைசிக் கேள்வியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். பத்தில் எட்டு புத்தகம் ஒரே நண்பரின் பரிந்துரை என்றோ, எல்லாமே சமூக ஊடகத்தில் பேசப்பட்ட புதுப் புத்தகங்கள் என்றோ தெரிந்தால், உங்கள் வாசிப்பு ஏன் ஒரே மாதிரி இருக்கிறது என்பதற்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும். ரசனை மாறாமல் இருப்பது காரணமாக இருக்காது, புத்தகம் வந்துசேரும் வழி மாறாமல் இருப்பதுதான் பல பேருக்குக் காரணம்.

விட்டுப்போன இடங்களைக் கண்டுபிடிக்க இன்னொரு நல்ல கருவி நூலகத்திலேயே இருக்கிறது. மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட தசம வகைப்பாடு எல்லா அறிவுத்துறைகளையும் 000 முதல் 900 வரை பத்துப் பெரிய வகுப்புகளாகப் பிரிக்கிறது: பொது நூல்கள், தத்துவமும் உளவியலும், சமயம், சமூக அறிவியல், மொழி, இயற்கை அறிவியலும் கணிதமும், தொழில்நுட்பம், கலையும் விளையாட்டும், இலக்கியம், வரலாறும் புவியியலும். மருத்துவம், வேளாண்மை, சமையல் எல்லாம் தொழில்நுட்பத்தின் கீழ் 600இல் வரும். உங்கள் பட்டியலில் உள்ள ஒவ்வொரு புத்தகத்தையும் இந்தப் பத்தில் ஒன்றில் போட்டுப் பாருங்கள். தீவிர வாசகர்கள் பலருக்கு 800ம் 900ம் நிரம்பி வழியும், 500உம் 700உம் சுத்தமாகக் காலியாக இருக்கும். காலியான எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் நிரப்ப வேண்டாம். இரண்டைத் தேர்ந்தெடுங்கள், அது போதும்.

சரி, நேரக் கணக்குக்கு வருவோம். ஆங்கிலத்தில் மௌன வாசிப்பின் சராசரி வேகம் அபுனைவில் நிமிடத்துக்கு 238 சொல், புனைவில் 260 சொல் என்று 2019இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு சொல்கிறது. ஆனால் தமிழில் ஒரு சொல்லுக்குள்ளேயே வேற்றுமை உருபு, காலம், எதிர்மறை எல்லாம் அடங்கிவிடுவதால் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. நீங்களே அளந்துவிடுவது நல்லது. ஒரு நாவல், ஒரு கட்டுரை நூல், கொஞ்சம் கடினமான ஒன்று, மூன்றிலும் தனித்தனியாக அரை மணி நேரம் படித்து எத்தனை பக்கம் போனது என்று குறித்துக்கொள்ளுங்கள். அரை மணிக்கு 15 பக்கம், வாரத்தில் ஐந்து நாள், காய்ச்சல், பயணம், விருந்தாளி என்று நான்கு வாரத்தைக் கழித்து 48 வாரம் என்று வைத்தால் வருடத்துக்கு 3600 பக்கம் வரும். ஒரு புத்தகம் சராசரியாக 240 பக்கம் என்றால் 15 புத்தகம். எண் சின்னதாகத் தோன்றலாம், ஆனால் இது நடக்கக்கூடிய எண், தினம் அரை மணி நேரத்துக்கு மேல் எதையும் கேட்காத எண்.

இந்த 3600 பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கை, அதாவது 1200 பக்கத்தை, எதுவும் எழுதாமல் காலியாக விட்டுவிடுங்கள். திட்டம் போடும்போது இது வீணாகத் தெரியும். ஆனால் மார்ச்சில் யாரோ கொடுக்கும் புத்தகம், ஜூலையில் வெளிவரப்போகும் நாவல், ஒரு செய்தியைப் பார்த்ததும் உடனே தெரிந்துகொள்ளத் தோன்றும் விஷயம், இதற்கெல்லாம் இடமில்லாத பட்டியல் இரண்டே மாதத்தில் பாரமாகிவிடும்.

மிச்சமுள்ள இடத்தில் என்ன வைப்பது? நான் ஆறு ஏழு வகை சொல்கிறேன், நான்கைந்தை எடுத்துக்கொண்டால் ஒரு வருடத்துக்குத் தாராளம்.

ஒரு குண்டுப் புத்தகம். பல வருடமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வரும் அந்த ஒன்று. 1200 பக்கம் என்றால் வாரத்துக்கு 25 பக்கம், 48 வாரத்தில் முடிந்துவிடும். விடுமுறையில் ஒரே மூச்சில் முடிக்கலாம் என்று வைத்திருந்தால் அந்த விடுமுறை வராது. வாரம் 25 பக்கம் என்றால் வேறு எதையும் நிறுத்த வேண்டியதில்லை. கதாபாத்திரங்களின் பெயர்களையும் உறவையும் ஒரு தாளில் எழுதி உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள், இவ்வளவு மெதுவாகப் படிக்கும்போது அந்தத் தாள் இல்லாமல் சமாளிப்பது கஷ்டம்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்தது: ஒரே பொருளைப் பற்றி நான்கு புத்தகம், அடுத்தடுத்து. உதாரணத்துக்குக் கடல் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கடல் எப்படி இயங்குகிறது என்று சொல்லும் எளிய அறிவியல் நூல், இரண்டாவது கடல் வணிகத்தின் வரலாறு, மூன்றாவது கடலில் வேலை பார்த்த ஒருவரின் தன்வரலாறு, நான்காவது கடற்கரை வாழ்க்கையைச் சொல்லும் நாவல். இதை வருடம் முழுக்கப் பரப்பாமல் மூன்று நான்கு மாதத்துக்குள் சேர்த்துப் படிப்பதுதான் முக்கியம். முதல் புத்தகத்தில் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்ட பெயர்களும் சொற்களும் இரண்டாவதில் தெரிந்த முகங்களாக வந்து நிற்கும், மூன்றாவதில் ஆசிரியர் எதைச் சொல்லாமல் விடுகிறார் என்பதுகூடத் தெரிய ஆரம்பிக்கும், நாவலுக்கு வரும்போது ஒரு வரி வர்ணனைக்குப் பின்னால் இருக்கும் அத்தனையும் புரியும். ஒரு பொருளில் ஒரே ஒரு புத்தகம் படிப்பவர்களுக்கு இந்த அனுபவம் கிடைக்காது. இருவேறு நிலைப்பாடு உள்ள விஷயமாக இருந்தால், நான்கில் ஒன்று உங்கள் கருத்துக்கு எதிர்த்தரப்பில் நின்று நேர்மையாக வாதிடும் நூலாக இருக்கட்டும்.

மொழிபெயர்ப்புகள். "உலக இலக்கியம்" என்று பொதுவாக எழுதினால் மறுபடியும் தெரிந்த இரண்டு மொழிகளுக்குள்தான் சுற்றுவோம். இதுவரை நீங்கள் ஒரு வரிகூடப் படிக்காத மூன்று மொழிகளின் பெயரை எழுதுங்கள், புத்தகத்தை அப்புறம் தேடலாம். எங்கே தேடுவது என்று தெரியாவிட்டால் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியல்களைப் பாருங்கள். 2016இலிருந்து அது ஆண்டுதோறும் மொழிபெயர்ப்பு நூல் ஒன்றுக்குக் கொடுக்கப்படுகிறது, பரிசுத் தொகையை ஆசிரியரும் மொழிபெயர்ப்பாளரும் சமமாகப் பகிர்ந்துகொள்கிறார்கள். தமிழில் படிப்பதாக இருந்தால், மூல மொழியிலிருந்து நேரடியாக வந்ததா ஆங்கிலம் வழியாக வந்ததா என்று பதிப்பு விவரப் பக்கத்தில் பார்த்துவிடுங்கள். இரண்டிலும் நல்லவை உண்டு, ஆனாலும் யாருடைய கையைக் கடந்து வந்தது என்று தெரிந்து படிப்பது நல்லது.

பழையவை. நூறு வருடத்துக்கு முன் எழுதப்பட்டது ஒன்றாவது இருக்கட்டும். காசும் ஆகாது. எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு கழிந்தால் இந்தியாவில் பதிப்புரிமை முடிந்துவிடும், வேறு பல நாடுகளில் 70 ஆண்டு. 1971இல் தொடங்கிய குட்டன்பர்க் திட்டமும், தமிழ் நூல்களுக்கென்று 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் இத்தகைய நூல்களை இலவசமாகத் தருகின்றன. பழைய நடைக்குப் பழக முப்பது நாற்பது பக்கம் பிடிக்கும். அதுவரை பொறுமையாக இருங்கள்.

கவிதைக்குப் புத்தகக் கணக்கே வேண்டாம். ஒரு தொகுப்பை ஒரு மணி நேரத்தில் முடித்து டிக் அடிப்பதில் யாருக்கும் பயனில்லை. நாளுக்கு ஒரு கவிதை, இரண்டு முறை, அதில் ஒரு முறை வாய்விட்டு. இதுவே ஒரு முழு இலக்கு. சிறுகதைக்கு வாரம் ஒன்று என்று வைக்கலாம், ஒரே தொகுப்பிலிருந்தே எடுக்க வேண்டும் என்று இல்லை.

மறுவாசிப்பு ஒன்று. பத்து வருடத்துக்கு முன் உங்களை உலுக்கிய புத்தகம். திறப்பதற்கு முன் அதைப் பற்றி என்ன நினைவிருக்கிறது என்று அரைப் பக்கம் எழுதிவைத்துவிட்டுப் படியுங்கள். படித்து முடித்ததும் ஒப்பிட்டால், கதை எவ்வளவு மாறிப்போய் நினைவில் தங்கியிருந்தது என்பதும், எந்தப் பாத்திரத்தின் பக்கம் அப்போது நின்றோம், இப்போது எங்கே நிற்கிறோம் என்பதும் தெரியும்.

கடைசியாக, இன்னொருவர் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் ஒன்று. உங்களைப் போலப் படிக்காத ஆளாகப் பாருங்கள். "உங்கள் வாழ்க்கையை மாற்றிய புத்தகம் எது" என்று கேட்டால் எல்லோரும் சொல்லும் பெயர்தான் வரும். "சமீபத்தில் படித்ததில் இன்னொரு முறை படிக்கத் தோன்றியது எது" என்று கேளுங்கள், பதில் வேறு மாதிரி இருக்கும்.

ஆங்கிலத்திலும் தமிழிலும் படிப்பவர்கள் இந்த இலக்குகளுக்கு மேலே ஒரு மொழி விகிதத்தையும் எழுதிக்கொள்வது நல்லது. எழுதாவிட்டால், எந்த மொழியில் புத்தகம் சுலபமாகக் கிடைக்கிறதோ அந்த மொழிதான் ஜெயிக்கும்.

இதையெல்லாம் மாதவாரியாகத் தலைப்பு போட்டு நிரப்ப வேண்டாம். காலாண்டுக்கு இரண்டு இலக்கு என்று மட்டும் வைத்தால் போதும். வேலை நெரிக்கும் மாதங்கள் எவை என்று உங்களுக்கே தெரியும், அங்கே சிறுகதையையும் மறுவாசிப்பையும் போடுங்கள், நான்கு புத்தக வரிசையைக் கொஞ்சம் மூச்சுவிட முடிகிற காலத்துக்கு வையுங்கள். ஒரே சமயத்தில் ஒரு நாவல், ஒரு அபுனைவு, ஒரு கவிதைத் தொகுப்பு என்று மூன்று ஓடலாம், தொந்தரவில்லை. இரண்டு நாவல் சேர்ந்து ஓடினால்தான் குழப்பம். தலை தெளிவாக இருக்கும் நேரத்துக்கு அபுனைவு, தூங்கும் முன் நாவல் என்று பிரித்துக்கொள்வது பலருக்குச் சரியாக வருகிறது. ஒலிநூலும் வாசிப்புதான், சந்தேகமே வேண்டாம். தன்வரலாறுகள் காதால் கேட்க அருமையாக இருக்கும், வரைபடமும் அடிக்குறிப்பும் நிறைந்த நூலைக் கேட்க முயற்சி செய்யாதீர்கள்.

பிடிக்காத புத்தகத்தை என்ன செய்வது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள், இல்லையென்றால் ஒரே புத்தகம் மூன்று மாதத்தை விழுங்கிவிடும். நான்சி பேர்ல் என்ற அமெரிக்க நூலகர் ஒரு நல்ல விதி சொல்கிறார்: 50 பக்கம் படித்துப் பாருங்கள், பிடிக்காவிட்டால் வைத்துவிடுங்கள். 50 வயதைத் தாண்டியவர்கள் 100இலிருந்து தங்கள் வயதைக் கழித்து, வரும் எண்ணிக்கை அளவு பக்கம் படித்தால் போதும். அதாவது 70 வயதுக்காரர் 30 பக்கம் பார்த்தாலே முடிவு செய்துவிடலாம். மேலே சொன்ன பழைய நூல்களுக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் கூடுதலாக இடம் கொடுங்கள். கைவிட்டதையும் ஏன் கைவிட்டோம் என்ற ஒரு வரியோடு பட்டியலில் எழுதுங்கள், அப்புறம் அந்தப் புத்தகத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் உண்டு என்பது எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் ஒன்று. அந்த வாசகர் நீங்களாக இல்லாமல் இருக்கலாம்.

குறிப்பு எழுதுவதைப் பெரிய வேலையாக ஆக்காதீர்கள். முடித்த தேதி, எந்த இலக்குக்குள் வருகிறது, மூன்று வரி, மனதில் நின்ற ஒரு பக்கத்தின் எண். நோட்டுப் புத்தகமோ கூகுள் ஷீட்டோ, எது தினம் கண்ணில் படுமோ அது. விமர்சனம் எழுதத் தோன்றினால் எழுதுங்கள், ஆனால் எழுதினால்தான் முடித்ததாகக் கணக்கு என்று வைத்தால் வாசிப்பே தள்ளிப்போகும்.

மார்ச், ஜூன், செப்டம்பர் முடிவில் அரை மணி நேரம் உட்கார்ந்து பட்டியலைப் பாருங்கள். எந்த இலக்கை இதுவரை தொடவே இல்லை? தொடாததற்குக் காரணம் புத்தகம் கிடைக்காததா, ஆர்வம் இல்லாததா? கிடைக்கவில்லை என்றால் தேடுங்கள், ஆர்வம் இல்லை என்றால் வெட்டிவிட்டு வேறொன்றை எழுதுங்கள். ஜனவரியில் நினைத்தது செப்டம்பரிலும் பொருந்த வேண்டும் என்று கட்டாயம் இல்லை. காலியாக விட்ட 1200 பக்கம் தீர்ந்துபோயிருந்தால், திட்டமிட்டதில் எதைக் குறைக்கலாம் என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

தொடங்குவதற்கு ஜனவரி வேண்டியதில்லை. வருடத்தின் நடுவில் இருந்தால் எல்லா எண்ணையும் பாதியாக்குங்கள், குண்டுப் புத்தகத்தை மட்டும் அடுத்த வருடத்துக்கும் நீட்டிக்கொள்ளலாம். பட்டியல் முழுதாகத் தயாராகட்டும் என்று காத்திருக்காமல், நூலகத்தில் முன்பதிவு செய்ய வேண்டியவற்றையும் வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டியவற்றையும் முதலில் சொல்லிவைத்துவிடுங்கள், அவை கைக்கு வந்து சேரத்தான் அதிக நாள் பிடிக்கும்.