நாலு டயரும் ஒரே ஜோடியாக இல்லையா? எதை எங்கே மாட்டலாம்

மதுரை பைபாஸ் ரோட்டில், காளவாசலுக்குப் பக்கத்தில் பத்தொன்பது வருஷமாக டயர் கடை வைத்திருக்கிறேன். வாரத்துக்கு நாலு பேராவது வந்து கேட்பார்கள்: "அண்ணே, ஒரு டயர்தான் போயிருச்சு. ஏதாவது ஒரு கம்பெனியைப் போட்டு விட்ருங்க, ஓடும்ல?"

ஓடும். சித்திரை வெயிலில், ஊருக்குள் நாற்பதில் போகிறவரை ஒரு வித்தியாசமும் தெரியாது. ஐப்பசி மழையில் திருமங்கலம் ரோட்டில் எண்பதில் போகும்போது தெரியும். அப்போது தெரிந்து பிரயோஜனம் இல்லை.

முதலில் வண்டியைச் சமதரையில் நிறுத்திவிட்டு டயருக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்காருங்கள். பக்கவாட்டில் 185/65 ஆர்15 88எச் என்பது மாதிரி எழுதியிருக்கும். 185 என்பது அகலம், மில்லிமீட்டரில். அந்த அகலத்தில் 65 சதவீதம் டயரின் பக்கவாட்டு உயரம். ஆர் என்றால் ரேடியல், அதாவது உள்ளே இழைகள் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேர் குறுக்காக ஓடும் டயர். 15 ரிம் அளவு, இஞ்சில். 88 என்றால் அந்த ஒரு டயர் 560 கிலோ தாங்கும். எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வரை தாங்கும். உங்கள் வண்டிக்கு எது சரி என்பது டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும். எடை எண்ணிலும் வேக எழுத்திலும் அதற்குக் கீழே இறங்கவே கூடாது.

"185 இல்ல, 175 இருக்கு, பத்து மில்லிதானே" என்று சில இடங்களில் தள்ளிவிடுவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 185/65 ஆர்15 ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 195 சென்டிமீட்டர் உருளும். 175/65 ஆர்15 உருளுவது 191 சென்டிமீட்டர். ஒரு கிலோமீட்டருக்குச் சின்ன டயர் பத்துப் பதினோரு சுற்று கூடுதலாகச் சுற்றியாக வேண்டும். முன்னால் இடது ஒன்று, வலது ஒன்று என்று இப்படி மாட்டினால், இடது வலது சக்கரங்களை வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் என்ற கியர், நேர் ரோட்டிலும் ஓயாமல் வேலை செய்யும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பிரேக் மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் ஏபிஎஸ், சக்கரம் சுற்றும் வேகத்தை வைத்துத்தான் வேலை செய்கிறது, அதற்கும் குழப்பம்.

அதைவிட மோசம் ரேடியலையும் நைலானையும் (உள்ளே இழைகள் சாய்வாக ஓடும் பழைய ரகம்) கலப்பது. பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் இன்னும் செய்கிறார்கள். நைலான் டயரின் பக்கவாட்டு விறைப்பாக நிற்கும், ரேடியல் நெளிந்து கொடுத்துத் தரையைக் கவ்வும். வளைவில் முன்பக்கம் ஒரு பதில் சொல்லும், பின்பக்கம் வேறு பதில் சொல்லும். எத்தனை பேர் கேட்டாலும் இதை நான் மாட்டித் தருவதில்லை.

கம்பெனி மாறலாமா? மாறலாம், ஜோடி மாறக் கூடாது. முன்னால் இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே பட்டன் (ரோட்டைத் தொடும் பரப்பில் வெட்டியிருக்கும் வடிவம்). பின்னால் இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே பட்டன். அளவு நாலுக்கும் ஒன்று. இதுவரை பரவாயில்லை. ஒரே அச்சில் இடதும் வலதும் வேறு வேறு என்றால், ஈர ரோட்டில் பிரேக் மிதிக்கும்போது ஒரு பக்கம் முன்னதாகப் பிடிக்கும், மூக்கு அந்தப் பக்கம் திரும்பும். நாலு சக்கரமும் எந்நேரமும் இழுக்கிற வண்டி என்றால் இந்தச் சலுகையும் கிடையாது. நாலும் ஒன்றாக, தேய்மானமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும்.

இனி சொல்லப்போவதைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும். இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கினால், அவை பின்னால்தான் போக வேண்டும். முன்சக்கரம் இழுக்கிற வண்டிக்கும் அப்படித்தான்.

ஏழெட்டு வருஷத்துக்கு முன் உசிலம்பட்டிக்காரர் ஒருவர் வந்தார். "இஞ்சின் முன்னாடி, ஸ்டியரிங் முன்னாடி, புதுசும் முன்னாடியே போடுங்கண்ணே" என்றார். எனக்கும் அன்றைக்கு அது நியாயமாகத்தான் பட்டது, போட்டுக் கொடுத்தேன். அடுத்த மாதம் தேனியிலிருந்து மழையில் திரும்பும்போது, ஆண்டிபட்டி கணவாய் வளைவில் வண்டி சுழன்று தேனியைப் பார்த்தே திரும்பி நின்றுவிட்டது. பின்சீட்டில் மனைவியும் சின்னப் பிள்ளையும். எதிரே லாரி எதுவும் வரவில்லை, யாருக்கும் அடி இல்லை. மறுநாள் காலையில் கடைக்கு வந்தவர் சொன்னார்: "ஸ்டியரிங் நல்லாத்தாண்ணே இருந்துச்சு. பின்னாடி யாரோ பிடிச்சு இழுத்த மாதிரி போயிருச்சு." பின் டயரின் காடியில், அதாவது ரோட்டைத் தொடும் பரப்பில் உள்ள பள்ளத்தில், அளவுகோலை விட்டுப் பார்த்தேன். இரண்டு மில்லிமீட்டர்தான் இருந்தது.

புது டயரில் ஏழெட்டு மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். ரோட்டில் நிற்கும் தண்ணீரை அந்தக் காடிதான் வாரி வெளியே தள்ளுகிறது. தேய்ந்த டயர் தள்ள முடியாமல் தண்ணீர் மேலேயே மிதக்கும். முன்பக்கம் மிதந்தால் ஸ்டியரிங் லேசாகும், கைக்குத் தெரியும். ஆக்சிலேட்டரை விட்டால் பெரும்பாலும் பிடிப்பு திரும்பிவிடும். பின்பக்கம் மிதந்தால் கைக்கு ஒன்றுமே தெரியாது. முன்னால் புது டயர் நன்றாகப் பிடித்திருப்பதால் நாமும் தைரியமாகத்தான் போவோம். தெரிகிற நேரத்தில் வண்டி சுற்றியிருக்கும். ஆகவே புதுசு பின்னால், பின்னால் இருந்த ஜோடி முன்னால்.

ஆழம் பார்க்கக் கருவி வேண்டாம். ஒரு தீக்குச்சியைக் காடிக்குள் நேராக நிறுத்தி, மேல்மட்டத்தில் நகத்தால் கிள்ளுங்கள். அந்த அடையாளத்தைப் பிள்ளைகளின் ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். உள் ஓரம், நடு, வெளி ஓரம் என்று மூன்று இடத்தில் பார்க்க வேண்டும். சட்டப்படி 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது. காடிக்குள் குறுக்கே இருக்கும் சின்ன மேடு அதைத்தான் காட்டுகிறது. நான் மழைக்காலத்துக்கு முன் மூன்று இருந்தாலே மாற்றச் சொல்லிவிடுவேன்.

ஒரே ஒரு டயர்தான் வெடித்தது என்றால் அதன் ஜோடியை அளந்து பாருங்கள். அது இன்னும் புதிது மாதிரி இருந்து, அதே பட்டனும் கடையில் கிடைத்தால் ஒன்று போதும். இல்லையென்றால் இரண்டு வாங்குங்கள். மிஞ்சும் பழசு ஸ்டெப்னிக்கு ஆகும்.

ஸ்டெப்னி என்றதும் ஞாபகம் வருகிறது. தரையே படாத டயர் புதுசு என்று நினைத்து ஜோடி சேர்த்துவிடுகிறார்கள். டி.ஓ.டி. என்ற எழுத்துகளுக்குப் பின்னால், கடைசியில் வரும் நாலு எண்ணைப் பாருங்கள். 2218 என்றால் 2018-ஆம் வருஷத்தின் 22-ஆவது வாரம் செய்தது. நம்ம ஊர் வெயிலில் டிக்கிக்குள் கிடந்தே ரப்பர் இறுகிவிடும். பல வண்டிகளில் ஸ்டெப்னி அளவும் சின்னது, 80-க்கு மேல் போகாதே என்று அதிலேயே ஒட்டியிருக்கும். அது கடை வரைக்கும் வருவதற்கு மட்டும்தான்.

பக்கவாட்டில் அம்புக்குறி இருந்தால் வண்டி முன்னால் போகும்போது சுற்றும் திசையில் இருக்க வேண்டும். 'அவுட்சைடு' என்று அச்சிட்டிருந்தால் அந்தப் பக்கம் வெளியே தெரிய வேண்டும். மாட்டி முடித்ததும் பேலன்சிங் செய்து, ஸ்டிக்கரில் உள்ளபடி காற்று அடித்து, நாலு டயரின் தேதி எண்ணையும் பில்லில் எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். புது ரப்பரின் மேல் வழவழப்பு போகிறவரை, முதல் இருநூறு கிலோமீட்டருக்கு கொடைக்கானல் மலை ஏற வேண்டாம்.